கல்யாணக் கேமராவில் ஒரு பிரேதப் பரிசோதனை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எங்கள் சர்ச் பங்கில் பிள்ளைகளுக்கு நடக்கும் புதுநன்மை எல்லாம் எடுப்பேன். போலீஸ் காவலிலோ ஜெயிலிலோ யாராவது இறந்துபோனால் அந்தப் பிரேதப் பரிசோதனையையும் எடுப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் வேறு ஸ்டுடியோ பார்த்துக்கொள்வார்கள்.

காவலில் இருப்பவர் இறந்தால், அறுப்பதை ஆரம்பத்திலிருந்து முடியும்வரை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. விதி போட்டவர்கள் எங்கள் பக்கம் அதை யார் எடுப்பார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. திறந்திருக்கிற ஸ்டுடியோவுக்கு ஒரு போலீஸ்காரர் வருவார். "அண்ணே, ஒரு போஸ்ட்மார்ட்டம் இருக்குது, கேமரா எடுத்துக்கினு வாங்க" என்பார். மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அதே ஊரில் கடை நடத்த வேண்டும். முதல் தடவை பாதியில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதும்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

காவல் மரணங்கள் கூடின, குறைந்தன என்று அவ்வப்போது செய்தித்தாளில் கட்டம் போட்டு வரும். எனக்கு அந்த எண்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்த்தது மேஜைமேல் கிடந்த உடம்புகளை. ஜெயிலிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வற்றிப்போய் வருவார்கள். நுரையீரல் போயிருக்கும், ஈரல் போயிருக்கும், காலில் ஆறாத புண் இருக்கும். அவர்களில் பலர் தண்டனை பெற்றவர்களே இல்லை. ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் உள்ளே கிடந்தவர்கள். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் வேறு மாதிரி. இள வயசு, உழைத்து இறுகின உடம்பு, பிடித்துப்போய் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியிருக்கும். காரணமும் காலத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டு வந்தது. நான் போக ஆரம்பித்த காலத்தில் தூக்கு மாட்டிக்கொண்டார் என்பார்கள். பிறகு கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்றார்கள். ஸ்டேஷனில் சிசிடிவி மாட்டிய பிறகு எல்லாருக்கும் நெஞ்சு வலி வர ஆரம்பித்தது. ஒன்று மட்டும் மாறவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களில் ஒருத்தர் காலிலும் நல்ல செருப்பைப் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒருவரைப் பற்றி. அவர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். கரும்பில் காய்ந்த சோகை உரிக்கக் கீழே இறங்கி வந்தவர், முப்பது வயசைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கரும்புக் கொல்லையில் மோட்டார் ஒயர் காணாமல் போனது என்று அவரையும் கூட வேலை செய்த இன்னொருவரையும் மத்தியானம் விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். மறுநாள் காலை இவர் உயிரோடு இல்லை, மற்றவரை வெளியே விட்டுவிட்டார்கள். எந்த ஸ்டேஷன், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதியாகிவிட்டது. அதனால் என்ன ஆனது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு ஆவணி முகூர்த்தம். மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது போன் வந்தது. மீதியை என் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக பைக்கில் போனேன். சட்டையில் பன்னீர் வாசனை இருந்தது.

இங்கே என் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வெயிலில் நின்று பிழைக்கிற சனங்கள். கறுப்பாக இல்லாதவர் யார்? ஆனால் கல்யாண ஆல்பத்தில் ஒருத்தர்கூடக் கறுப்பாக இருக்கக் கூடாது. "பொண்ணு கலரா வரணும்ணே" என்று சொல்லாத தாய்மாமனை நான் பார்த்ததில்லை. முதலில் வீடியோவை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுப்பாக்கிக்கொண்டிருந்தோம். புதுக் கேமரா வாங்கினதும் அந்த வேலையே மிச்சமானது. பதிவாகும்போதே நிறத்தைத் தூக்கி, தோலை மழுமழுப்பாக்கி, திட்டுகளையும் தழும்புகளையும் அமுக்கிவிடும்படி அதில் வைத்துக்கொள்ளலாம். வைத்தேன். வைத்ததிலிருந்து அதை மாற்றவே இல்லை. இவருக்கு முன் நான் எடுத்த பிரேதப் பரிசோதனைகள் எல்லாம் பழைய கேமராவில் எடுத்தவை. அன்றைக்கு அது சர்வீஸுக்குப் போயிருந்தது.

பிணவறைக்குள் நுழையும்போது செட்டிங்கை மாற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பேட்டரி இருக்கிறதா, மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ரெக்கார்டை அமுக்கினேன்.

நான் போவதற்கு முன்பே ஒரு மாஜிஸ்திரேட் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருந்தார். அவர் பார்த்தபோது உடம்பு மல்லாந்து கிடந்ததாம். முன்பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, உதட்டில் ஒரு வெடிப்பு. பிறகு டாக்டர் சொல்லிக் குப்புறத் திருப்பினார்கள். நான் கேமராவின் சின்னத் திரையை விட்டுக் கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன். தொடையின் பின்பக்கம் இரண்டிலும் கத்திரிக்காய் நிறத்தில் பட்டை பட்டையாக இருந்தது. ஒவ்வொரு பட்டையும் லத்தி அகலத்துக்கு இரண்டு கோடுகள், நடுவில் வெளுப்பு. பாதம் இரண்டும் வீங்கி, உள்ளங்கால் கறுத்துப்போயிருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார். செத்த பிறகு ரத்தம் கீழே இறங்கித் தேங்கினால் முதுகுப்பக்கம் இப்படிக் கறுக்கும் என்று பொதுவாகச் சொன்னார். நான் டாக்டர் இல்லை. ஆனால் தேங்கின ரத்தம் கோடு போட்டுக்கொண்டு தேங்காது என்று எனக்கும் தெரியும்.

வெளியே வந்தபோது வாசலில் மலைக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடம்பை வாங்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு அதிகாரி நின்றுகொண்டே பேசினார். "எல்லாம் வீடியோ எடுத்தாச்சி. கோர்ட்டுல அதப் போட்டுப் பாப்பாங்க. யாரும் எதையும் மறைக்க முடியாது. வாங்கிக்கினு போயி அடக்கம் பண்ணுங்க." கூட்டத்திலிருந்து இறந்தவரின் மனைவி எழுந்து என்னிடம் வந்தார். அழுது முடித்திருந்த முகம்.

"நீங்கதான் படம் புடிச்சவருங்களா?"

"ஆமாம்மா."

"கால்ல அடிச்சாங்கன்னு கூட இருந்தவரு சொன்னாருங்க. எங்கள உள்ள வுடல. காலு அதுல வுழுந்துச்சிங்களா?"

"எல்லாம் வுழுந்துருக்குதும்மா. ஒண்ணுகூட வுடல. நீ நம்பி வாங்கிக்கினு போ."

பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது அதுதான். அந்த அம்மா போய்க் கையெழுத்துப் போட்டார், அல்லது கைநாட்டு வைத்தார். எதுவாக இருந்தாலும் அது என் வாயை நம்பி நடந்தது. உடம்பைத் துணியில் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து காட்டிக் கொடுத்தார்கள். போலீஸ் வண்டி மலைவரைக்கும் கூடவே போனது. சுற்றின துணியை வீட்டில் அவிழ்க்கவே விடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர்கள் வழக்கப்படி புதைத்தார்கள்.

மறுநாள் காலை, கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய காப்பியை எடுக்க அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். முதலில் வேறு யாரையோ பார்க்கிறேனோ என்று தோன்றியது. மேஜைமேல் ஒரு மாநிற மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டு வெடிப்பைக் காணோம். திருப்பிப் போட்ட இடத்துக்குப் போனேன். தொடையில் லேசாக ஒரு நிழல். கோடுகள் இல்லை. உள்ளங்கால் வெளுப்பாக, குழந்தைக் கால்போல இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கறுத்ததே தவிரக் கோடு வரவில்லை. எடுத்த பிறகு வெளுப்பாக்கியிருந்தால் பழையதை மீட்டுவிடலாம். கேமரா பதிவு செய்யும்போதே அழித்ததை எங்கிருந்து மீட்பது? கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவுக்கு என்ன நடக்குமோ அதுதான் அவர் காயத்துக்கும் நடந்திருந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் புதைத்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். உடனே தோண்டி எடுத்து வேறு டாக்டர்களை வைத்துப் பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. சாட்சியத்தை அழித்தான் என்று என்மேலேயே கேஸ் போடுவார்கள் என்று பயந்தேன். வேண்டுமென்றே செய்தேன் என்று மலைக்காரர்கள் நினைப்பார்கள், தெரியாமல் செய்தேன் என்று ஊர் சிரிக்கும். எடுத்ததை அப்படியே காப்பி போட்டு, உறையில் வைத்துச் சீல் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. இன்னா, தலையவா வாங்கிடுவாங்க?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். பங்குச் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிவிட்டால் அடுத்து எங்கே போய்ச் சொல்லச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பழைய மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போய், புதிதாக ஒரு பெண் நீதிபதி வந்திருந்தார். சின்ன அறை. மேஜைமேல் ஒரு லேப்டாப். ஒரு பக்கம் அரசு வக்கீல், இன்னொரு பக்கம் இறந்தவரின் மனைவியும் அவர்கள் வக்கீலும். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் சுவரோரம் நின்றேன்.

வீடியோவைப் போட்டார்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைக் கிட்டே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, அடையாளம் பார்க்கிறவர்போலப் பார்த்தார். திருப்பிப் போட்ட இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"இவரு இம்மாங் கலர் கெடையாதுங்கம்மா" என்றார். "எங்கூட்டுக்காரரு நல்லா கருப்பு. கல்யாணம் ஆன நாளா பாக்கறன். உள்ளங்காலு இப்டி இருக்காதுங்க. கல்லு முள்ளுல நடந்த காலு, பாளம் பாளமா வெடிச்சிருக்கும். இதுல ஒரு வெடிப்பு கூட இல்லீங்களே."

அரசு வக்கீல் லேசாகச் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான எடுத்தது? எடிட் ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லீங்கம்மா. எடுத்தது எடுத்தபடியே இருக்குதுங்க."

"அப்ப ஏன் அந்தம்மா அப்படிச் சொல்றாங்க?"

"அங்க லைட்டு ஜாஸ்திங்கம்மா. அதான் வெளுப்பா தெரியுது."

நீதிபதி பேனாவை மேஜைமேல் வைத்தார். "சரி. வீடியோவ விடுங்க. நீங்க அங்கயே நின்னீங்க இல்ல, உங்க கண்ணால பாத்தப்போ அந்தத் தொடையில, காலுல, இதுல இருக்கறத விட அதிகமா ஏதாவது இருந்துதா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

கேட்கத் தெரிந்து கேட்ட கேள்வி. கத்திரிக்காய் நிறம் அப்படியே கண் முன்னால் நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு போலீஸ்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்கம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து மழையிலேயே வீட்டுக்குப் போனேன். என் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். ஸ்டுடியோவில் ஒரு நிச்சயதார்த்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா, கரும்புக் கொல்லையில் வேலை செய்கிறவர், கோயில் சிலைக்கு மாவு பூசினதுபோல வெளுப்பாக உட்கார்ந்திருந்தார். அதை நிறுத்திவிட்டு, கடையைப் பூட்டி, பைக்கை எடுத்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் நிறுத்தினேன். வெள்ளிமலையில் கேட்டதும் ஊருக்கு வழி சொன்னார்கள். அந்த வீடு எது என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அம்மா களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கேமராவில் என்ன வைத்திருந்தேன், ஏன் வைத்திருந்தேன், மறுநாளே எனக்குத் தெரிந்தது, கோர்ட்டில் சொன்னது பொய், எல்லாம் சொன்னேன். கல்யாணத்துக்கு வைத்தது என்று சொல்லும்போது எனக்கு நாக்குக் குழறியது. அவருடைய அண்ணன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார். நான் கையைத் தூக்கவில்லை.

"வுடுண்ணா" என்றார் அந்த அம்மா. "அடிச்சிட்டா எறங்கிப் பூடுவாரு. அவரு எழுதிக் குடுக்கட்டும். அதான் நமக்கு வேணும்." பிறகு என்னிடம், "எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"தர்றங்க."

எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வக்கீல் மனு போட்டார். அரசுத் தரப்பில், இந்த ஆள் மாற்றி மாற்றிப் பேசுகிறவர், காசுக்கு விலைபோனவர் என்றார்கள். அன்றைக்கு நான் பொய் சொன்னபோது என்னை அவர்களில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. ஸ்டேஷனிலிருந்து யார் யாரோ வந்து கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். பிடித்து வைத்திருந்த முகூர்த்தங்கள் சில கையை விட்டுப் போயின. அதெல்லாம் எனக்கு வர வேண்டியதுதான். மனு அங்கே இங்கே அலைந்து, தோண்டிப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தபோது மாசி பிறந்துவிட்டது. நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிருந்தது.

தோண்டின அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியூரிலிருந்து இரண்டு டாக்டர்கள், தாசில்தார், போலீஸ், வேறு மாவட்டத்திலிருந்து ஒரு வீடியோக்காரர். சுற்றிலும் கயிறு கட்டி, ஊர்க்காரர்களை அந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். மலை மண் ஈரத்தை லேசில் விடாது. சுற்றின துணிகூட நைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. டாக்டர்கள் ஒவ்வொரு எலும்பாக எடுத்துத் துடைத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பொறுமையாகத்தான் பார்த்தார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. முறிவு எதுவும் இல்லை.

"சார், காலப் பாருங்க சார்" என்றார் அந்த அம்மா, கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "கால்லதான் அடிச்சாங்க."

பெரிய டாக்டர் எழுந்து கிட்டே போனார். "பாத்தேம்மா. அடி சதையில விழுந்திருந்தா எலும்புல தெரியாது. இப்ப எலும்புதாம்மா இருக்குது."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். எலும்புகளை மூட்டை கட்டிப் பரிசோதனைக்கென்று எடுத்துவைத்தார்கள். தாசில்தார் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் ஸ்டாண்டை மடக்கினார். கயிற்றை அவிழ்த்ததும் அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"உங்க பேப்பர்ல எல்லாம் எழுதியிருக்குதுன்னு வக்கீலு சொன்னாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவருக்கு இன்னா பண்ணாங்கன்னு நான் இன்னும் பாக்கல. மொகத்த மட்டும்தான் காட்டுனாங்க. நீங்க பாத்தீங்க இல்ல, உங்க வாயால சொல்லுங்க."

அண்ணன் வேண்டாம் என்றார். அந்த அம்மா கேட்கவில்லை. கிளறின மண்ணுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன். இடது தொடையிலிருந்து ஆரம்பித்தேன். எத்தனை பட்டை, எவ்வளவு நீளம், என்ன நிறம், நடுவில் வெளுத்திருந்தது, எல்லாம் சொன்னேன். எதுவும் மறந்திருக்கவில்லை. வலது தொடை. பிறகு பாதம். வீக்கத்தில் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். உள்ளங்கால் வெடிப்புகளில் ரத்தம் உறைந்து கறுத்திருந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். நான் நிறுத்தினதும், "அவ்ளோதானுங்களா?" என்று கேட்டார்.

"அவ்ளோதாங்க."

அந்த அம்மா குழிப் பக்கம் திரும்பினார்.

"இதத்தான அன்னிக்கு ஜட்ஜம்மா உங்களக் கேட்டாங்க" என்றார்.